இரண்டு பாஷை தெரிந்த பாவத்துக்கு

கும்மிடிப்பூண்டி,
22.8.1979, புதன்கிழமை.

நோய்நொடி அண்டாமல் பல்லாண்டு வாழ வேண்டிய மைத்துனன் வரதனுக்கு, உன் மாமா லோகநாதன் ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் கனகாம்பாளும் உடம்பளவில் சுகம். மனசளவில் உன் அக்காள் மட்டும் சுகம். வேப்பம்பட்டில் நீயும் உன் சம்சாரமும் புது வீட்டில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காமல், காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்து, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கார்டு சனிக்கிழமை கிடைத்தது. "மாமா, கம்பெனியில் பாஷை வகுப்பு நன்றாக நடக்கிறதா, ரிடையரான பிறகு பொழுது போகிறதா" என்று கேட்டிருந்தாய். போகிறது. பொழுதோடு சேர்த்து மானமும் போகிறது. முப்பத்தொரு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீசில் கூடூருக்கும் பேசின்பிரிட்ஜுக்கும் நடுவே மூட்டைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டு, தமிழனிடம் தமிழும் தெலுங்கனிடம் தெலுங்கும் பேசி, ஒருவரிடமும் பேச்சு வாங்காமல் வெளியே வந்தவன் நான். உன் பள்ளிக்கூடத் தோழன் பாக்கியநாதன் இங்கே இரும்புக் கம்பெனியில் ஆள் நிர்வாகம் பார்க்கிறார் என்பதற்காக, "எங்க மாமாவுக்கு ரெண்டு பாஷையும் தண்ணி பட்ட பாடு" என்று அவர் காதில் போட்டாயே, அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்டதையெல்லாம் நீ உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். பாதியில் மடித்து வைக்காதே.

வகுப்பு எதற்கு வந்தது என்பதே உனக்குத் தெரியாது. கம்பெனியில் பாதிப் பேர் பொன்னேரி, ஆரணி, பழவேற்காடு பக்கத்து ஆட்கள். மீதிப் பேர் சூலூர்ப்பேட்டை பாசஞ்சரில் வந்து இறங்குகிற ஆந்திரா ஆட்கள். உலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிற துலுக்காணம் பழவேற்காட்டுக்காரன். அப்பன் காலம் வரைக்கும் ஏரியில் வலை போட்ட குடும்பம். பளு தூக்கும் சங்கிலியைப் பார்த்துக்கொள்கிற பெஞ்சலய்யா சூலூர்ப்பேட்டை. இருவரும் ஒரே ஷிப்ட். ஒரு நாள் பெஞ்சலய்யா மேலே நின்றுகொண்டு, கீழே கிடந்த கம்பிக் கட்டைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லி, "எத்து, எத்து" என்றிருக்கிறான். தெலுங்கில் எத்து என்றால் தூக்கு. துலுக்காணம் தமிழன். எத்து என்றால் அவனுக்கு உதை. எதற்கு உதைக்கச் சொல்கிறான் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, மேலே நிற்கிறவனுக்குத் தெரியாதா என்று கம்பிக் கட்டை ஓங்கி உதைத்தான். கட்டைவிரல் நகம் போயிற்று. இதற்கு நாலு நாள் கழித்து, பழுத்த கம்பி உலையை விட்டு வரும்போது துலுக்காணம் "சூடு, சூடு" என்று கத்தியிருக்கிறான். தெலுங்கில் சூடு என்றால் பார். ஏதோ பார்க்கச் சொல்கிறான் என்று பெஞ்சலய்யா கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தான். மீசையில் இடது பக்கம் பொசுங்கிவிட்டது.

இவ்வளவுதான் விஷயம். ஆனால் அடுத்த நாளே நகம் போனது தமிழனுக்கு, மீசை போனது தெலுங்கனுக்கு என்று ஆகிவிட்டது. காண்டீனில் பெஞ்சுகளைப் பிரித்து இழுத்துப் போட்டுக்கொண்டு, கிழக்கே தமிழ், மேற்கே தெலுங்கு, நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம். குழம்பு வாளி எந்தப் பக்கம் முதலில் போகிறது என்பதில் தினமும் தகராறு. பாக்கியநாதன் என் வீட்டுக்கு வந்து, இரண்டு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துப் பாஷையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன் அக்காள் காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்து, "திங்கக்கெழமயிலேருந்து வருவாரு" என்றாள்.

வகுப்பு சாயங்காலம் நாலு மணிக்கு, காண்டீன் கொட்டகையில். தமிழ்ப் பக்கம் பன்னிரண்டு பேர், தெலுங்குப் பக்கம் பதினோரு பேர், நடுவே அதே வண்டிப் பாதை, அதில் நான். பாக்கியநாதன் எங்கிருந்தோ ஒரு பயிற்சிப் புத்தகம் வரவழைத்திருந்தார். அதில் முதல் பாடத்தில், மாணவர்கள் பக்கத்து மாகாணத்தாரைப் பற்றி மனசில் இருப்பதை ஒளிக்காமல் எழுதட்டும், ஆசிரியர் அதை வகுப்பில் படித்துக் காட்டட்டும், தப்பெண்ணம் நீங்கும் என்று போட்டிருந்தது. அந்தப் புத்தகம் எழுதிய மகானை நான் நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன். புத்தி கெட்டுப்போய் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தேன். எழுதத் தெரியாதவன் பக்கத்து ஆளிடம் சொல்லி எழுதினான். பேர் போட வேண்டாம் என்றேன். எல்லாம் சேர்த்து வாங்கி ஒவ்வொன்றாக இரண்டு பாஷையிலும் படித்தேன்.

தமிழ்ப் பக்கத்துச் சீட்டில் என்ன இருந்தது தெரியுமா. தெலுங்குக்காரன் மிளகாயைப் பழம் மாதிரி தின்பான், அதனால்தான் கோபம். அரை முழம் நிலம் இருந்தாலும் ஜமீன் என்று சொல்லுவான். சினிமாக் கொட்டகையிலேயே குடி இருப்பான். தெலுங்குப் பக்கத்துச் சீட்டில், தமிழன் பேசினால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும். வீட்டுக்கு வழி கேட்டால் எதற்குப் போகிறாய் என்று முதலில் கேட்பான். சாம்பாரில் குளிப்பான். போகும்போது வருகிறேன் என்று பொய் சொல்லுவான். கடைசிச் சீட்டைப் படித்ததும் எனக்குச் சகிக்கவில்லை. "ஏன்யா, நீங்களும் போயி வஸ்தானு என்றுதானே சொல்லுகிறீர்கள், அதுவும் போய் வருகிறேன்தானே" என்று தெலுங்கில் கேட்டேன். மஸ்தானய்யா என்று ஒருவன், அந்தப் பக்கத்துக்குத் தலைவன் மாதிரி, எழுந்து நின்று நிதானமாகச் சொன்னான், "நாங்கள் சொன்னால் அது மரியாதை, சார். அவர்கள் சொன்னால் ஏமாற்று."

இவர்களைத் திருத்த வேண்டும் என்று எனக்கும் ஒரு வேகம் வந்தது. தமிழ்ப் பக்கம் திரும்பி, "சினிமாப் பைத்தியம் என்று எழுதினீர்களே, உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அப்பாவு ஒரே படத்தைப் பதினோரு தடவை பார்த்தவனாயிற்றே" என்றேன். "அவன் வேற, சார்" என்றார்கள். தெலுங்குப் பக்கம் திரும்பி, "இதே காண்டீனில் சாம்பாரை மூன்று தடவை கேட்டு வாங்குவது உங்கள் மஸ்தானய்யாதானே" என்றேன். "வாடு வேரு, சார்" என்றார்கள். அதற்கும் அவன் வேற என்றுதான் அர்த்தம். இரண்டு பக்கமும் வாயைத் திறந்து ஒரே மாதிரி சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அதற்குள் ஒரு சீட்டில் தமிழனை அரவம் என்று எழுதியிருந்ததை அப்பாவு பிடித்துக்கொண்டான். தெலுங்கில் தமிழுக்கு அப்படி ஒரு பேர் உண்டு, நெடுநாள் வழக்கு. அப்பாவு எட்டாவது வரைக்கும் படித்தவன். "அரவம்னா பாம்பு சார். எங்க வாத்தியாரு சொல்லிக் குட்த்துகிறாரு. நம்பள பாம்புன்றான், நீங்களும் படிச்சிக்கினே போறீங்க" என்றான். அன்றைக்குப் பெஞ்சு உடையாமல் வகுப்பை முடித்து வைத்ததற்கே எனக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

இப்படியே இரண்டு மாதம். எத்து, தூக்கு. சூடு, பார். ஆகு என்றால் நில்லு, ஆகட்டும் என்று அர்த்தம் இல்லை. வார்த்தை என்னவோ ஏறிற்று. பெஞ்சு மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை. அப்போது பாக்கியநாதன் புத்தகத்தின் ஐந்தாவது பாடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட வேண்டுமாம். சீட்டுக் குலுக்கினோம். யார் பேர் வர வேண்டுமோ அந்த இரண்டு பேரே வந்தது. நகம் போனவன் வீட்டுக்கு மீசை போனவன் விருந்து. பேச்சை மாற்றிச் சொல்லக் கூடவே போகிற துபாஷி நான்.

போன ஞாயிற்றுக்கிழமை பெஞ்சலய்யா பாசஞ்சரில் வந்து இறங்கினான். கையில் மூடி போட்ட பித்தளைத் தூக்கு. துணி சுற்றி, கயிறு கட்டி, கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தான். என்ன என்று கேட்டேன். சாம்பார். தமிழர்கள் வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு போகக் கூடாது என்று அவன் பெண்டாட்டி ரமணம்மா, பிறந்ததிலிருந்து சாம்பார் வைத்தறியாதவள், பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வந்து வைத்தாளாம். பொன்னேரியில் பஸ் மாறி, பழவேற்காடு போய்ச் சேருவதற்குள் அது என் வேட்டியில் கால் பங்கு, பக்கத்து சீட்டு அம்மாளின் கூடையில் கால் பங்கு. மீதியைத் துலுக்காணம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் சம்சாரம் அங்காளம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இன்னா சார் இது, எங்க ஊட்ல எவனும் இத்த தொடமாட்டானே. எங்களுக்கு மீன் கொழம்பு இல்லாம சோறு எறங்காது" என்றாள். "கொண்டு வந்தவன் மனசு நோகக் கூடாது" என்றேன். துலுக்காணம் அவன் எதிரிலேயே இரண்டு டம்ளர் சாம்பாரை மருந்து மாதிரி குடித்து, "நல்லா கீது நைனா" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. பெஞ்சலய்யா அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டான்.

அங்காளம்மாள் இலை போட்டாள். எறாத் தொக்கு, மடவைக் குழம்பு, வறுத்த நண்டு. "தெலுங்குக்காரரு வராரேன்னு மொளகா மூணு பங்கு போட்டுக்கிறேன் சார், வழக்கமா போட்றதுல எங்க காரம் பத்தும் அவருக்கு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். பெஞ்சலய்யா முதல் கவளத்தை வாயில் வைத்தான். முகம் சிவந்தது. இரண்டாவது கவளத்தில் நெற்றி முழுக்க வேர்வை. வீட்டுக்காரி எதிரில் நிற்கிறாளே என்று என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில், "சார், சாலு. காரம் நாக்கு படதண்டி" என்றான்.

வரதா, இந்த இடத்தை நீ கவனமாகப் படி. சாலு என்றால் போதும். நாக்கு படது என்றால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. இது எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷமாகத் தெரியும். ஆனால் அங்காளம்மாள் காதில் விழுந்தது நாக்கும் படலையும். "கேட்டியா, காரம் நாக்குலயே படலயாம். நான்தான் சொன்னேனே" என்று துலுக்காணத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுப்படிக்கு ஓடிப் போய் மிளகாய் அரைத்த விழுதை இன்னொரு கரண்டி எடுத்து வந்து, "இன்னா சார், போடலாமா" என்று என்னைக் கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும். போடாதே அம்மா, அவனுக்கு ஒத்துக்கொள்ளாதாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "போடு, போடு. ஆந்திராக்காரன் மூணு தடவை வேணாம்பான், நாலாந்தடவைதான் சாப்பிடுவான். அவங்க வழக்கம் அது." அப்படியே சொன்னேன். பார்சல் ஆபீசில் நாஷ்டா நேரத்தில் கூடூர் குமாஸ்தா ஒருவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே என் இட்லியைத் தின்றான் என்பதற்காக, ஒரு ஜனம் முழுவதற்கும் நான் போட்டு வைத்திருந்த கணக்கு அது. வகுப்பில் இரண்டு மாதமாக இருபத்துமூன்று பேரிடம், எவனோ ஒருவனைப் பார்த்துவிட்டு எல்லோரையும் அப்படி என்று சொல்லாதே என்று தொண்டை கிழியக் கத்தினவன் நான். பெஞ்சலய்யா என்னைப் பார்த்தான். மொழிபெயர்த்தாயிற்று, அவர்கள் பக்கத்து மரியாதை இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு, இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்று முடித்தான்.

நாலு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். வாந்தி நிற்கவில்லை. துலுக்காணம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, நகம் போன காலில் செருப்பு இல்லாமல், பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஓடினான். நான் பின்னாலேயே அவனுடைய காலித் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன், எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. டிரைவர் ஆளைப் பார்த்ததும் வழியில் ஒரு நிறுத்தத்திலும் நிற்காமல் பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டார். பஸ்ஸில் துலுக்காணம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் கற்ற தெலுங்கெல்லாம் சொல்லிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது தூக்கு, இறக்கு, நில்லு, பார். "சூடு பெஞ்சலய்யா, சூடு" என்று அவன் கன்னத்தைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே வந்தான். என்னைப் பார் என்கிறான். எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பாட்டில் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். பழைய சிநேகிதத்தில் ஸ்டேஷனிலிருந்து சூலூர்ப்பேட்டைக்குப் போன் போட்டுத் தகவல் சொல்ல வைத்தேன். நான் சொன்ன தகவல், விருந்து சாப்பிட்டு வயிற்று வலி, பொன்னேரியில் இருக்கிறான் என்பது. அது சூலூர்ப்பேட்டை பிளாட்பாரத்தை விட்டு வெளியே போவதற்குள், பழவேற்காட்டுக்காரர்கள் பெஞ்சலய்யாவுக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் கும்மிடிப்பூண்டிக்கு அறுபது பேர் வந்தார்கள். வேலைக்கு வருகிற முகமாக இல்லை. இறங்கினவர்கள் ஸ்டேஷன் கேட்டை நோக்கிப் போகாமல் பிளாட்பாரத்திலேயே நின்றார்கள். கேட்டுக்கு வெளியே அப்பாவு தலைமையில் நம் ஆட்கள் ஐம்பது பேர். சும்மா வேடிக்கை பார்க்க வந்தோம் என்றார்கள். வேடிக்கை பார்க்க வந்தவன் கையில் சைக்கிள் செயின் எதற்கு. விடியற்காலை வண்டியில் வீடு திரும்பியிருந்த என்னைத் தேடி ஸ்டேஷன் மாஸ்டர் ஆள் அனுப்பியிருந்தார். மஸ்தானய்யா முன்னால் வந்து, "ஏம் பெட்டாரு மா வாடிக்கி" என்று கேட்டான். எங்கள் ஆளுக்கு என்ன போட்டார்கள் என்கிறான். அப்பாவு வெளியிலிருந்தே, "இன்னா சார் சொல்றான் அவன்" என்றான்.

உண்மையைச் சொல்லட்டுமா. அந்த நிமிஷத்தில் தப்பித்துக்கொள்ள எனக்கு நாலு வழி தெரிந்தது. மீன் கெட்டுப்போயிருந்தது என்று சொல்லலாம், அங்காளம்மாள் தலையில் விடியும். அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லலாம், கேட்கும்படி சொல்லாதவன் தப்பாகிவிடும். ஆனால் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த துலுக்காணம் என் கண்ணிலேயே நின்றான். அவன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தான். "சார், அவரு வேணாம்னு சொன்னாரா, போடுன்னு சொன்னாரா. எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்." நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். ஆகவே பிளாட்பாரத்தில் கிடந்த பார்சல் வண்டி மேல் ஏறி நின்றேன். இந்த வயசில் முட்டி என்ன சொல்லும் என்று உனக்குத் தெரியும். இரண்டு பாஷையிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். விஷம் இல்லை. காரம். அதுவும் அவர்கள் பிரியமாகப் போட்டது. அவன் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னான். எனக்குத் தெளிவாகப் புரிந்தது. நான்தான் போடு என்றேன், உங்கள் ஜனத்தைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும் என்ற திமிரில். அவர்கள் பேரில் தப்பு இல்லை, இவர்கள் பேரிலும் தப்பு இல்லை.

அப்புறம் மஸ்தானய்யா நிதானமாகத் தலையை ஆட்டிக்கொண்டு தன் ஆட்களிடம், இவர் என்ன தெலுங்கு பேசினாலும் அரவம்தானே, இவரை நம்பினது நம் தப்பு என்றான். அப்பாவு வெளியே திரும்பி, "நான் அன்னிக்கே சொல்லல? இவரு பாதி தெலுங்குடா. அதான் இப்டி பேஜாரு பண்ணிக்கிறாரு" என்றான். கேட் திறந்தது. நூற்றுப்பத்துப் பேரும் ஒன்றாகவே கம்பெனிக்கு நடந்தார்கள். போகிற வழியெல்லாம், தெரிந்த அரைகுறைப் பாஷையை வைத்துக்கொண்டு, அவர்களுக்குள் ஒரே பேச்சு. பேசின விஷயம் நான். பார்சல் வண்டியிலிருந்து என்னை இறக்கிவிட ஓர் ஆள் இல்லை.

அங்கேயாவது முடிந்ததா. ஆஸ்பத்திரிக்குப் போனால் ரமணம்மா வந்திருந்தாள். அங்காளம்மாளும் வந்திருந்தாள். அவளுக்கு இவள் பாஷை தெரியாது, இவளுக்கு அவள் பாஷை தெரியாது. இருவரும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்து, நடந்தது இன்னது என்று இருவருக்கும் சொன்னேன். ரமணம்மா, "மீரு செப்பலேதா" என்றாள். நீங்கள் சொல்லவில்லையா என்று கேட்கிறாள். அதே நேரத்தில் அங்காளம்மாள், "ஏன் சார், நீ ஒரு வார்த்த சொல்லக்கூடாதா" என்றாள். முதல் தடவையாக இருவரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள். அதற்கப்புறம் கத்தல் முழுவதும் என் பக்கம் திரும்பியது. இரண்டு பக்கத்துப் பேச்சும் எனக்கு ஒன்றுவிடாமல் புரிந்ததுதான் இதில் பெரிய கொடுமை. அன்று சாயங்காலமே டாக்டர்கள் அவனை மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் என்ன ஆவான் என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. சோறு இறங்கவில்லை. இலையைப் பார்த்தாலே அவன் முகம் தெரிகிறது.

ஆகவே வரதா, நான் சொல்லவருவது இதுதான். இந்த வேலை எனக்கு வேண்டாம். இனிமேல் அந்தக் கொட்டகை வாசலை மிதிக்கமாட்டேன். நேரில் சொன்னால் பாக்கியநாதன் மறுபடியும் காப்பி டம்ளரோடு உன் அக்காளிடம் போவார். நீயே அவருக்கு எழுதிவிடு. மாமாவுக்கு மறதி, பாஷை இரண்டும் மறந்துவிட்டது என்று எழுது. தமிழை வேண்டுமானால் வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்கிறேன். இனி எவனுக்கும் எவனுடைய வார்த்தையையும் எடுத்துச் சொல்லுகிற உத்தேசம் எனக்கு இல்லை.

உன் சம்சாரத்துக்கு எங்கள் ஆசீர்வாதம். ஊறுகாய் ஜாடி வந்து சேர்ந்தது, உன் அக்காள் சந்தோஷப்பட்டாள், எனக்கு அந்த மூடியைத் திறக்கத் தைரியம் இல்லை. பெருமாள் உங்களைக் குறையில்லாமல் வைத்திருப்பாராக. மழைக்கு முன்னால் ஒரு தடவை வந்து அக்காளைப் பார்த்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் மாமா,
லோகநாதன்.

பி.கு. (வெள்ளிக்கிழமை): தபால் தலை வாங்க மறந்ததால் இது இரண்டு நாள் மேஜை மேல் கிடந்தது. நேற்று மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பெஞ்சலய்யா பிழைத்துக்கொண்டான். டாக்டர் நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, தெலுங்கு தெரியாது. என்னை ஓரமாக நிறுத்தி, "குடல்வால் வீங்கி இருந்தது, எடுத்தாச்சு. ரொம்ப நாளா உள்ளே இருந்திருக்கும். அன்னைக்குச் சாப்பிட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, கஞ்சி குடிச்சிருந்தாலும் வந்திருக்கும். அந்தம்மாகிட்ட விவரமா சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வராந்தாவுக்கு வந்தேன். பழவேற்காட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்திருந்த அங்காளம்மாளும் ரமணம்மாவும் ஒரே பாயில் உட்கார்ந்து என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள், பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக, தடையில்லாமல். கம்பெனியில் நடுப்பாதையை மூடிப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுவிட்டார்களாம், அங்கேயும் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு நான்தானாம். என்னை யோக்கியன் ஆக்கிவிட்டால் இவர்களுக்குப் பொதுவாகப் பேச வேறு என்ன இருக்கிறது. ஆகையால் பாக்கியநாதனுக்கு ஒன்றும் எழுதாதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. திங்கட்கிழமை நாலு மணிக்கு வகுப்பு உண்டு. டாக்டர் என்ன சொன்னார் என்று ரமணம்மா கேட்டாள், இன்னா சொன்னாரு என்று அங்காளம்மாளும் கேட்டாள். இனி காரம் போடக் கூடாது என்றார், அவ்வளவுதான் என்று இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டு வந்தேன்.